சூரசம்ஹாரம்

சூரசம்ஹாரம் (சூரசங்காரம், இலங்கையில் சூரன்போர்) என்பது அசுர வேந்தன் சூரபன்மனையும் அவன் தம்பியர் சிங்கமுகன், தாரகன் இருவரையும் முருகன் போரில் வென்ற கதை. ஐப்பசி வளர்பிறைச் சஷ்டியன்று கோயில்களில் அக்கதையை நடித்துக் காட்டும் விழாவுக்கும் இதுவே பெயர். தமிழில் இதன் முழு வடிவம் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணம். மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று கோட்டைகள், அவற்றை வெல்லப் புறப்படும் வீரர் கூட்டம் என்ற அமைப்பு, இன்று தொகுதி தொகுதியாக வெளிவரும் மாயப்புனைவுப் பெருநாவல்களைப் படித்துப் பழகியவர்களுக்குப் புதிதாக இராது. புதிதாக இருப்பது வேறொன்று. இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் இக்கதையில் நாயகன் அவ்வளவாக மாறவில்லை. பகைவனே தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்திருக்கிறான்.

சூர் என்னும் தொடக்கம்

சங்க நூல்களில் சூரபன்மன் இல்லை. சூர் என்ற அச்சுறுத்தும் ஓர் ஆற்றல் மட்டும் உண்டு. அது மலையிலும் சுனையிலும் உறையும். மனிதரைத் தீண்டி வருத்தும். முருகன் கடலுக்குள் புகுந்து அதைக் கொன்றான், அது நின்ற மாமரத்தை அடியோடு வெட்டினான் என்ற செய்தி திருமுருகாற்றுப்படையில் வருகிறது. பரிபாடலின் செவ்வேள் பாடல்களும் இதையே பாடுகின்றன. கடல், மாமரம், வேல் மூன்றும் அப்போதே கதைக்குள் வந்துவிட்டன. சூருக்கு நகரமோ தாயோ மகனோ பேச்சோ அவற்றில் இல்லை.

வடமொழியில் கதை வேறு வழியில் போனது. மகாபாரதத்தின் வனபருவத்தில் ஸ்கந்தன் கொல்வது மகிஷனை. காளிதாசனின் குமாரசம்பவத்தில் தேவர்களைத் துன்புறுத்துபவன் தாரகன். சிவனுக்கு மகன் பிறக்கவேண்டிய தேவையே அவனால்தான் எழுகிறது. தெலுங்கில் நன்னெசோடன் பாடிய குமாரசம்பவமும் தாரகன் வதத்தில்தான் முடியும். தமிழ்க் கதை இந்தத் தாரகனை ஒதுக்கவில்லை. சூரனுக்குத் தம்பியாக்கி, முதல் போரிலேயே சாகடித்துவிட்டது. வடக்கே கதையின் முடிவாக இருந்தவன் இங்கே முன்னுரை ஆனான். 

கச்சியப்பரும் அவர் நூலும்

கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் பூசை செய்த அர்ச்சகர். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது குமரகோட்டம். நாள்தோறும் நூறு பாட்டு எழுதி ஏட்டை முருகன் திருவடியில் வைத்துக் கதவடைத்துப் போவார், காலையில் திருத்தங்களோடு இருக்கும் என்பது மரபுக் கதை. அரங்கேற்றத்தன்று முதற்பாட்டின் முதல் சொல்லிலேயே புணர்ச்சி பிழை என்று ஒருவர் எழுந்தாராம். மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தில் விதி காட்டி வழக்கைத் தீர்த்தாராம். வந்தவர் முருகனே என்கிறார்கள்.

இந்தக் கதையால் ஆராய்ச்சியாளருக்கும் ஒரு பயன் உண்டு. வீரசோழியம் வீரராசேந்திர சோழன் காலத்து இலக்கண நூல். அவன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். அரங்கேற்றக் கதையில் உண்மையின் சாயல் இருந்தால் கந்தபுராணம் அதற்கு முந்தியிருக்க முடியாது. சக ஆண்டு 700 என்று 8ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகும் பழங்கணக்கு இங்கேயே இடறிவிடும். 14ஆம் நூற்றாண்டு வரை இறக்குவோரும் உண்டு.

நூலில் 10,345 பாடல்கள். உற்பத்தி, அசுர, மகேந்திர, யுத்த, தேவ, தட்ச காண்டங்கள் என ஆறு பகுதிகள். வடமொழி ஸ்காந்த புராணத்தின் சங்கர சங்கிதையில் உள்ள சிவரகசிய கண்டமே மூலம் என்று நூல் மரபு சொல்லும். மூலம் எதுவாக இருந்தாலும், கச்சியப்பர் கம்பராமாயணம் பழகிய காதுகளுக்காகப் பாடினார் என்பது நூலைப் பிரித்ததுமே புலப்படும். அனுமன் இலங்கைக்குப் போனதுபோல முருகனின் வீரன் வீரவாகு சூரன் நகரான மகேந்திரபுரிக்குத் தூது போகிறான். சூர்ப்பணகை இடத்தில் சூரன் தங்கை அசமுகி. அவள் மூக்கை இழந்தாள், இவள் கையை இழக்கிறாள். கும்பகருணன் இடத்தில் சிங்கமுகன். இந்திரசித்து இடத்தில் சூரன் மகன் பானுகோபன். சிறையிருந்த சீதையின் இடத்தில் இந்திரன் மகன் சயந்தன். ஒப்புமையைக் கண்டதும் கச்சியப்பரைக் கடன்காரர் என்று சிலர் முடித்துவிடுவார்கள். அது அவசர முடிவு. இராவணன் கடைசிவரை இராவணனாகவே சாகிறான். சூரனைக் கச்சியப்பர் சாகவே விடவில்லை.

கதை

காசிபருக்கு மாயையிடம் பிறந்தவர்கள் சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் என்ற மூவரும் தங்கை அசமுகியும். மாயையைக் காசிபரிடம் அனுப்பிவைத்தவர் அசுரர் குருவான சுக்கிரர். தேவர்களும் காசிபர் மக்களே. ஆக, உலகங்களையெல்லாம் நடுங்கவைத்த இந்தப் படையெடுப்பு உள்ளபடி மாற்றாந்தாய் மக்களுக்குள் நடந்த தாயாதிச் சண்டை. சூரன் பெருவேள்வி செய்து, சிவன் வரத் தாமதித்ததால் தன் உடலையே தீயில் இட்டு, 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் பெற்றான். சிவசக்தி ஒன்றைத் தவிர எதனாலும் சாவில்லை. தென்கடலில் வீரமகேந்திரபுரி அவன் தலைநகரம், சிங்கமுகனுக்கு ஆசுரபுரி, தாரகனுக்கு மாயாபுரி.

அதன்பின் தேவர்கள் ஏவலாட்களானார்கள். இந்திரன் சீகாழிக்கு ஓடி மூங்கில் வனத்தில் ஒளிந்தான். சிவனின் நெற்றிக்கண் பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாயின. கார்த்திகைப் பெண்கள் பாலூட்டினர். உமை எடுத்தணைத்தபோது ஆறும் ஓருருவாயின. உமையின் காற்சிலம்பின் நவமணிகளில் தோன்றிய ஒன்பது சக்தியரிடம் நவவீரர் பிறந்தனர். வீரவாகு அவர்களில் மூத்தவன். இலட்சம் வீரர் உடன்வந்தனர்.

முதல் போரில் தாரகனும், மலையுருவில் வஞ்சம் செய்த கிரவுஞ்சனும் ஒரே வேலுக்கு இரையானார்கள். படை திருச்செந்தூர் வந்து தங்கியது. வீரவாகு தனியே கடலைத் தாண்டி, சூரன் அவையில் நின்று, சிறையிலிருந்த சயந்தனையும் தேவரையும் விடச் சொன்னான். பேச்சு முறிந்தது. சிங்கமுகன் அண்ணனிடம் விட்டுவிடு என்றுதான் மன்றாடினான். கேளாதபோது, உனக்காகச் சாகிறேன் என்று களம் புகுந்தான். பானுகோபன் தொட்டிலில் கிடந்தபோதே தன்மேல் வெயில் பட்டதற்காகச் சூரியனைப் பிடித்துத் தொட்டில் காலில் கட்டியவன். போரில் மாயை தந்த படைக்கலத்தால் வீரவாகுவையும் மற்றவரையும் மயக்கிக் கடலில் எறிந்தான். வேல் போய் அவர்களை மீட்டது. தோல்வி கண்டபின் அவனும் தந்தைக்கு அறிவுரை சொன்னான், அவனும் செத்தான். இன்னொரு மகன் இரணியன் வேறு வழி பார்த்தான். குலமே அழியப்போகிறது, தகப்பனுக்குக் கடன் செய்ய ஒருவனாவது வேண்டும் என்று மீன் வடிவெடுத்துக் கடலுக்குள் ஒளிந்துகொண்டான். கோழை என்று சொல்லிவிடலாம். ஆனால் அத்தனை வீரர் மத்தியில் நாளை என்ன ஆகும் என்று யோசித்தவன் அவன் ஒருவன்தான்.

கடைசிப் போரில் சூரன் இந்திரஞாலத் தேரில் பறந்து, இறந்தவரை எழுப்பும் மலையைக் கொண்டுவந்து, செத்த அசுரரை உயிர்ப்பித்துப் பார்த்தான். எல்லாம் தீர்ந்தபின் முருகன் அவனுக்குத் தன் பேருருவைக் காட்டினான். சூரன் மெய்ம்மறந்தான்; பகைவன் அழகைத் தானே வியந்து பேசினான்; தொழலாம் என்றுகூட நினைத்தான். மானம் குறுக்கிட்டது. மறுபடி படைக்கலம் எடுத்தான். கந்தபுராணத்தில் ஒரே ஒரு படலம் படிக்க நேரமுள்ளவர் இதைப் படிக்கலாம். பக்தி நூல் ஒன்று எதிரியின் மனத்துக்குள் இவ்வளவு நேரம் நின்றிருப்பது அரிது. கடல் நடுவே மாமரமாய் நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது. பிளவுகள் மயிலும் சேவலுமாகிப் பாய்ந்துவர, முருகன் அருட்பார்வை பார்த்து ஒன்றை ஊர்தியாகவும் மற்றதைக் கொடியாகவும் கொண்டான்.

தேவ காண்டத்தில் தெய்வயானை திருமணமும் இந்திரன் முடிசூட்டும். தட்ச காண்டம், தேவர்கள் ஏன் இவ்வளவு பட்டார்கள் என்ற கேள்விக்குத் தக்கன் வேள்விக்குப் போனதே காரணம் என்று காலம் கடந்து பதில் சொல்லும். நூல் வள்ளி திருமணத்தோடு முடியும்.

மீன் சுமந்த தேவர்கள்

அசுர காண்டத்தில் ஒரு செய்தி கடற்கரைக்காரர்கள் கவனிக்கத்தக்கது. தேவர்களை இழிவுபடுத்த நினைத்த சூரன் அவர்களுக்கு இட்ட கட்டளை, கடலிலிருந்து மீனைப் பிடித்து அசுரருக்குக் கொண்டுவந்து தருவது. வானுலகத்தார் மீன் சுமந்தார்கள். கச்சியப்பர் இதைத் தேவர் பட்ட அவமானங்களின் உச்சியாக வைக்கிறார். இந்திரன் ஓடி ஒளிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்நாட்டுக் கோயில் நகரத்து அர்ச்சகர் ஒருவரின் பார்வை இது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் போன்ற ஊரில், படகு கரைசேர்ந்ததும் மீனையும் இறாலையும் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றுவது அன்றாட வேலை. குடும்பம் சாப்பிடுவது அதனால். அங்கே இந்தப் படலத்தைப் படிப்பவர், இதில் என்ன தண்டனை என்று கேட்டால் உரையாசிரியரிடம் விடை இருக்காது. தொழிலை இழிவாக வைக்கும் இப்பகுதிக்கும், மீனாகிப் பிழைத்த இரணியனுக்கும் நடுவில் கந்தபுராணக் கடல் இருக்கிறது. புராணப் பிரசங்கிகள் முதலாவதை விரித்தும் இரண்டாவதைச் சுருக்கியும் சொல்வது வழக்கம். மாற்றிச் செய்தால் கதை கெட்டுவிடாது.

நூலுக்குப் பின்

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் பாடிய திருப்புகழில் சூரன் திரும்பத் திரும்ப வருகிறான். பெரும்பாலும் கதையாக இல்லை, சந்தத்தோடு இடிக்கும் ஓர் ஓசையாக. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் திருச்செந்தூரில் பாடிய கந்தர் கலிவெண்பா, கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய அளவுக்குச் சுருக்கிவிட்டது. தருமபுர ஆதீனத்தைச் சேர்ந்த சம்பந்த சரணாலயர் கந்தபுராணச் சுருக்கம் பாடினார். பதினாயிரம் பாட்டை மனனம் செய்ய முடியாதவர்களுக்கு இவை பெரிய உதவி.

நூல் முழுதாக வாழ்ந்த இடம் யாழ்ப்பாணம். அங்கே கோயிலில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராண படனம் தலைமுறைகளாக நடந்து வந்தது. ஆறுமுக நாவலர் நூலை அச்சில் பதிப்பித்தார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899-1986) யாழ்ப்பாணத்து வாழ்க்கை முறைக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயர் சூட்டினார். தட்ச காண்டத்துக்கு உரையும் எழுதினார். சூரன் நகரம் தென்கடலில் இருந்ததாக நூல் சொல்வதால் இலங்கையாருக்குக் கதையில் நிலவுரிமையும் உண்டு. முருகன் பாசறை அமைத்த ஏமகூடம் கதிர்காமமே என்பது அவர்கள் மரபு. தமிழ்நாட்டார் திருச்செந்தூரை விட்டுக்கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி கந்தபுராணத்தைக் கேள்வி வழியாக உயிரோடு வைத்திருந்தவர் திருமுருக கிருபானந்த வாரியார் (1906-1993). அதே காலத்தில் திராவிட இயக்கம் அசுரர் என்றால் யார் என்ற கேள்வியை எழுப்பியது. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் விடுபட்டது. சூரனுக்காக அப்படிப் பேர்வாங்கிய ஒரு காவியம் எழவில்லை. கச்சியப்பரே அவனுக்குப் போதிய இடம் கொடுத்துவிட்டார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மயிலாகிக் கோயிலுக்குள்ளேயே நிற்பவனுக்காகக் கோயிலுக்கு வெளியே வாதாடுவதும் கடினம்.

திரையில் ஏ. பி. நாகராஜன் இயக்கிய கந்தன் கருணை (1967) கதையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. முருகனாகச் சிவகுமார், சூரபன்மனாக அசோகன். அன்றைய உச்ச நடிகரான சிவாஜி கணேசன் ஏற்றது தூதுவன் வீரவாகுவின் வேடம். அதில் நியாயம் இருக்கிறது: கதையில் நடிக்க இடம் உள்ளது தூதனுக்கும் அசுரனுக்கும்தான். இப்படத்துக்காக கே. வி. மகாதேவன் பெற்றது சிறந்த இசையமைப்பாளருக்கென வழங்கப்பட்ட முதல் தேசிய விருது.

விழா

திருச்செந்தூரில் சஷ்டி மாலை கடற்கரையில் முருகன் செயந்திநாதராக எழுந்தருள்வார். எதிரே சூரன் பொம்மை. யானைத் தலையோடு தாரகனாக வந்து, அது அறுபட்டதும் சிங்கத் தலை, பிறகு சூரனின் சொந்தத் தலை, கடைசியில் மாமரமும் சேவலும். ஒரே உடலில் தலைமட்டும் மாறுவதால் அண்ணன் தம்பி மூவரும் ஒருவனாகிவிடுகிறார்கள். சங்ககாலச் சூருக்கும் ஒரே உடல்தான். காவியம் பிரித்ததை விழா மறுபடி சேர்த்துவிட்டது. போர் முடிந்ததும் கண்ணாடியில் தெரியும் முருகன் சாயலுக்கு நீராட்டும் சாயாபிஷேகம் நடக்கும். நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கலில் முந்தின நாள் அம்பிகை வேல்நெடுங்கண்ணியிடம் சிங்காரவேலர் வேல் வாங்குவார். அப்போது சிலையின் முகத்தில் வியர்வை அரும்பும் என்பது பக்தர் நம்பிக்கை.

திருச்செந்தூர்க் கோயிலுக்கு மெய்யான படையெடுப்பும் நேர்ந்தது. 1640களின் இறுதியில் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியேறும்போது சண்முகர் சிலையைக் கப்பலில் ஏற்றிச்சென்றதாகவும், புயலுக்கு அஞ்சிக் கடலில் இட்டதாகவும், 1653இல் வடமலையப்ப பிள்ளை அதை மீட்டெடுத்ததாகவும் கோயில் வரலாறு கூறும். அந்நாளில் சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடம் 1613இல் எழுந்த கெல்டிரியாக் கோட்டை. அது இருந்த ஊர் பழவேற்காடு. 

கடல்கடந்தவர்கள் கதையின் வேறொரு துண்டைப் பெரிதாக்கினார்கள். மலேசியாவின் பத்துமலையில் 1892 முதல் நடக்கும் தைப்பூசம், சூரனை வெல்ல உமை வேல் கொடுத்த நாளைக் கொண்டாடுவது. அங்கே தோளில் ஏறும் காவடிக்கு முன்னோடி இடும்பன். பழனித் தலபுராணப்படி அவன் அசுரர் பக்கத்தில் எஞ்சியவன். இரு குன்றுகளைக் காவடி கட்டித் தூக்கிவந்தவன். ஆகப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் காவடி எடுப்போர் பின்பற்றுவது ஓர் அசுரனை.

வடகோடியில்

பசியாவரமும் பழவேற்காடும் இருக்கும் திருவள்ளூர் மாவட்டம் இக்கதையில் போருக்குப் பிந்திய இடம். அறுபடை வீடுகளில் ஒன்றான திருத்தணி இம்மாவட்டத்தில்தான் உள்ளது. சூரனோடு செய்த போரின் சினம் தணிந்து முருகன் அமர்ந்த மலை அது. அதனால் கந்தசஷ்டியில் எல்லா ஊரிலும் சூரன் தலை உருளும்போது திருத்தணியில் சம்ஹாரம் கிடையாது. முருகனுக்கு மலர் பொழியும் புஷ்பாஞ்சலி மட்டும். பொன்னேரிப் பக்கத்து ஆண்டார்குப்பத்தில் முருகன் இடுப்பில் கைவைத்து அதிகாரமாக நிற்கிறான்; பிரணவத்தின் பொருள் தெரியாத பிரமனைக் குட்டிச் சிறையிட்ட படலம் இங்கே நடந்ததாகச் சொல்வார்கள். அதற்குத் தொலைவில்லாத சிறுவாபுரியும் திருப்புகழ் பெற்ற தலம். இரண்டிலும் முருகன் சிறுபிள்ளைக் கோலம்.

இப்பகுதியில் இரவு முழுக்க விழித்துப் பார்க்கும் கதை வேறு. தொண்டைமண்டலத்துத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து, முகவீணையும் மிருதங்கமும் முழங்க, திரைக்குப் பின்னிருந்து ராசா வேடம் பாடி வெளிவருவது பெரும்பாலும் பாரதத்துக்காக. திரௌபதியம்மன் கோயில் விழாவில் பதினெட்டாம் போர் நாளன்று, தெற்கே பொம்மைச் சூரன் வகிக்கும் இடத்தை இங்கே மண்ணால் செய்து தரையில் கிடத்திய துரியோதனன் எடுத்துக்கொள்கிறான். படுகளம் முடிந்ததும் அவன் உடம்பு மண்ணைக் கிள்ளி வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். நெற்குதிரில் போட்டால் விளைச்சல் குறையாது என்பார்கள்.